சேலை உங்களது, ஜிபே நம்பர் யாருடையது?

பண்டிகை நெருங்கினாலே இதே பஞ்சாயத்துதான். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் ஒரு கடை சேலை வீடியோ போடும். இரண்டே நாளில் வேறொரு பக்கத்தில் அதே வீடியோ, அதே குரல், கீழே மட்டும் வேறு வாட்ஸ்அப் எண். "அட்வான்ஸ் மட்டும் ஜிபே பண்ணுங்க" என்பான் வீடியோவைத் திருடியவன். பணம் போனதும் பிளாக். ஏமாந்தவர் தேடி வருவது வீடியோவில் போர்டு தெரிகிற உங்கள் கடைக்குத்தான்.

இதைச் சொன்னால் பல கடைக்காரர்கள் சொல்லும் பதில்தான் எரிச்சலைக் கிளப்புகிறது: "எடுத்துட்டுப் போகட்டும் சார், நமக்கு ஓசி விளம்பரம்தானே?" இல்லைங்க. விளம்பரம் என்றால் பார்த்தவர் உங்களைக் கூப்பிட வேண்டும். திருடுகிறவன் முதல் வேலையாக வெட்டுவதே உங்கள் எண்ணைத்தான். அங்கே லட்சம் பேர் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு போன் வராது. 1,200 ரூபாய் சேலைக்கு அவன் 499 என்று போடுவான்; கொடுக்கப்போகிறவனா, எந்த விலையும் சொல்லலாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு உங்கள் நியாயமான விலையே கொள்ளையாகத் தெரியும். ஏமாந்தவர் கூகுள் மேப்பில் ஒற்றை ஸ்டார் போடுவதும் உங்கள் கடைக்கே. இதில் விளம்பரம் எங்கே இருக்கிறது?

மூலையில் லோகோ இருக்கிறதே என்பதும் எடுபடாது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் லோகோ போச்சு. எண்ணைச் சேலையின் மேலேயே, திரையின் நடுவில் போடுங்கள். எடிட்டிங் ஆப்பில் ஒபாசிட்டியை (எழுத்து எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை) 30 சதவீதம் வைத்தால் சேலை நிறம் மறையாது. சில விநாடிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். அதைவிட உறுதியான வழி, எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி, முந்தானையை விரித்துக் காட்டும்போது அதன் மேலேயே வைப்பது. வாயாலும் சொல்லுங்கள், கடைசியில் அல்ல, விலை சொல்லும் அதே மூச்சில். வெட்டினால் விலையும் சேர்ந்து போகட்டும்.

   

யுபிஐயில் வீட்டுக்காரர் பெயர் வராமல் கடைப் பெயரே வரும்படி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர்தான் வரும், வேறு பெயர் வந்தால் அனுப்பாதீங்க" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்லி, கமெண்டிலும் பின் செய்யுங்கள்.

திருட்டு வீடியோ கண்ணில் பட்டால் அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். உங்களை பிளாக் செய்துவிட்டு அவன் வியாபாரத்தைத் தொடர்வான். முதலில் லிங்க்கையும், பக்கத்தின் பெயரும் எண்ணும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். பிறகு யூடியூபோ இன்ஸ்டாகிராமோ, அதனதன் காப்பிரைட் படிவத்தில் புகார். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் (எச்சரிக்கைக் குறி) விழுந்தால் சேனலையே தூக்கிவிடுவார்கள். வீடியோ உங்களுடையது என்பதற்கு ஆதாரமான, போனில் எடுத்த அசல் ஃபைலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். ஸ்டோரேஜ் ஃபுல் என்று அழித்துவிட்டு எடிட்டரிடம் ஆதாரம் கேட்டால், அவரிடம் இருப்பது பெரும்பாலும் எடிட் செய்த பிரதிதான்.

ஏமாந்து கடைக்கு வருகிறவர்கள் மேல் பாயாதீர்கள். உட்காரவைத்து, அங்கிருந்தே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியும்போது சேர்த்துக்கொள்ள உங்கள் அசல் வீடியோ லிங்க்கையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.