டாக்கி என்றால் ஒலிப்படமா?

போன மாதம் கோயம்புத்தூரில் பழைய சினிமாப் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்பேறிய நோட்டீஸ் ஒன்று. மடித்த இடமெல்லாம் கிழிந்து, நடுவில் பூச்சி அரித்திருந்தது. கொட்டை எழுத்தில் 'டாக்கி'. அதன் கீழே இன்றைக்கு எழுதி ஒட்டிய சீட்டில், 'தொடக்க கால ஒலிப்படத்தின் விளம்பரத் துண்டறிக்கை' என்று இருந்தது. துண்டறிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. டாக்கியை ஒலிப்படம் என்று எழுதுவதைத்தான் கட்டுரைகளில், மொழிபெயர்ப்புகளில் பார்த்துப் பார்த்துப் பொறுத்துவந்தேன். இனி முடியாது.

சொல்லின் பூர்வீகம் சின்னது. ஆங்கிலத்தில் 'டாக்' என்றால் பேச்சு. அசையும் படத்தை அவர்கள் 'மூவி' என்று செல்லமாகக் கூப்பிட்டு வந்தார்கள். படம் பேசியதும் அதே அச்சில் 'டாக்கி' என்று வார்த்துக்கொண்டார்கள். 1931இல் முதல் தமிழ் டாக்கியான காளிதாஸ் வந்தபோது, தமிழில் டாக்கிக்குப் பேசும் படம் என்று பெயர் விழுந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒலிப்படம் என்று எழுதுகிறவர்கள், அதற்கு முன்னால் வந்த படங்களில் ஒலியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கொட்டகையில் ஐயா ஒலி இல்லை? திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் முழங்கும். ஒருவர் நின்றுகொண்டு, "இதோ வருகிறான் பாருங்கள்" என்று கதையைத் தொண்டை கிழியச் சொல்வார். ஜனங்கள் வேறு வில்லனைத் திட்டுவார்கள். ஒலிக்கு அங்கே பஞ்சமே கிடையாது. இல்லாதது ஒன்றுதான்: திரையில் வாயசைக்கிற ஆள் பேசியது காதில் விழாது. 1931இல் புதிதாக வந்தது அந்தப் பேச்சு. அதை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டால் எப்படி? மணி அடித்தாலும் ஒலிதான், தகர டப்பா உருண்டாலும் ஒலிதான்.

அந்தக் காளிதாஸிலும் ஒரு வேடிக்கை. கதாநாயகி ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். கோயம்புத்தூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய உண்டு; அந்தப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது. எந்த மொழியானால் என்ன, பேசியது என்பதுதான் சரக்கு.

சரக்கு என்று சொன்னது காரணமாகத்தான். பேசும் படம் என்பது அகராதிக்காரர் உட்கார்ந்து செய்த சொல் மாதிரி இல்லை, கூவி விற்கச் செய்த சொல் மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டுவண்டி ஊருக்குள் வரும். முன்னால் தப்பட்டை, பின்னால் நோட்டீசுக்கு ஓடும் பொடுசுகள். வண்டிக்காரர் "படம் பேசும்!" என்று கத்தினால் அது முழு வாக்கியம். அதையே திருப்பிப்போட்டு 'பேசும் படம்' என்று நோட்டீசில் அடித்தால் பெயர். பேசும் என்பது வினைமுற்றாகவும் நிற்கும், பெயரெச்சமாகவும் நிற்கும். இப்படி வசதி செய்துகொடுக்கிற மொழியில் இருந்துகொண்டு ஒலிப்படம் என்று எழுத எப்படி மனம் வருகிறது? "படம் ஒலிக்கும்" என்று கத்திப் பாருங்கள், ஒரு நாய்கூடத் திரும்பாது.

சொல்லில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை: அதை வைத்துக் கிண்டல் செய்ய முடிய வேண்டும். 1987இல் கமல்ஹாசன் நடித்து ஒரு வசனம்கூட இல்லாமல் வந்த படத்துக்குத் தமிழில் பேசும் படம் என்று பெயர் வைத்தார்கள். கேட்டவுடன் சிரிப்பு வந்தது.

எழுத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. போட்டோவுக்கு ஒளிப்படம் என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோம். இது லகரம், அது ளகரம். நம்மில் பாதிப் பேர் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

இதே கூட்டம்தான் டூரிங் டாக்கீசைச் 'சுற்றுலாத் திரையரங்கு' ஆக்கியது. டாக்கீஸ் என்ற சொல் படத்தை விட்டிறங்கிக் கட்டடத்தின் மேல் ஏறிய கதையே இவர்களுக்குத் தெரியாது போல. டூரிங் என்பது இங்கே ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவது. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. 1933இல் வள்ளி திருமணம் என்ற பேசும் படத்தையே தயாரித்தார். அந்த மனுசன் சுற்றுலாவா போனார்? என் அம்மாயி டூரிங் டாக்கீசை 'டெண்ட்டுக் கொட்டாய்' என்பார். அதில் ஒரு குறையும் இல்லை.

கண்காட்சியில் இருந்த பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஒலிப்படம்னு இருக்கறத மாத்தச் சொல்லுப்பா" என்றேன். அவன் சுவரில் மாட்டியிருந்த நடிகர் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"எந்த போட்டோவைங்க?"