காருக்குள் மழைநீர்: ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய ஹேட்ச்பேக் வண்டிகள் ஒரே புகாரோடு வர ஆரம்பித்துவிடும். கால் வைக்கும் இடத்தில் ஈரம், கதவைத் திறந்தால் புழுங்கல் வாடை, காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் மங்கல். சிலர் கையோடு ஒரு சிலிக்கான் ட்யூபையும் வாங்கி வந்திருப்பார்கள். "இந்த ஓரத்துல மட்டும் பூசிக் குடுங்க சார், போதும்" என்பார்கள். பூசுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் காரும் தண்ணீரே புகாத டப்பாவாகச் செய்யப்படுவதில்லை. முன் கண்ணாடியில் விழும் மழை வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்துக்குள் போகும். கதவுக் கண்ணாடியில் வழியும் மழை கதவின் வயிற்றுக்குள்ளேயே இறங்கும். இரண்டும் தெரிந்தே விடப்பட்ட வழிகள். உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் துளைகள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வெளியேறும் துளைகளைத்தான். அடைப்பைப் பார்க்காமல் மேலே பசையைப் பூசினால், சில நேரம் தண்ணீர் தப்பிக்க மிச்சமிருந்த ஒரே வழியையும் நாமே மூடிவிடுகிறோம்.

வைப்பர் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். இதை கவுல் என்பார்கள். பானெட்டைத் தூக்கினால், கண்ணாடியின் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதற்குக் கீழேதான் தண்ணீர் ஓடும் வாய்க்கால். இரண்டு ஓரத்திலும் இறங்கி, முன் மட்கார்டுக்குப் பின்னால் வழிந்து தரைக்கு வந்துவிடும். சென்னையில் தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சி மரமும்தான் நிழல். அவற்றின் சின்ன இலைகளும் பூக்களும் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்து, தூசியோடு சேர்ந்து மக்கி, களிமண் மாதிரி ஆகிவிடும். ஒரு வருடக் குப்பையே ஓரத்துத் துளையை அடைக்கப் போதும். அப்புறம் பெருமழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி மட்டம் ஏறும். ஏசிக்கு வெளிக்காற்று போகும் வாய் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. மட்டம் அந்த வாயின் விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் நேராக, காற்றைத் தள்ளும் விசிறியான புளோயருக்குள் இறங்கும். அங்கிருந்து இடப்பக்க சீட்டில் உட்காருகிறவரின் காலடிக்கு வரும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஒரு குவளைத் தண்ணீரை கவுலின் ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் சில நொடிகளில் தரை நனைய வேண்டும். நனையவில்லை என்றாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, மூடியைக் கழற்றிக் குப்பையைக் கையால் அள்ளுங்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளாதீர்கள், குப்பை துளைக்குள் இன்னும் இறுகிவிடும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கும் வண்டியாக இருந்தால் அதையும் உருவிப் பாருங்கள். ஃபில்டர் நனைந்து கறை பிடித்திருந்தால் தண்ணீர் வந்த பாதை உறுதியாகிவிடும்.

"மழையே இல்ல சார், ஆனாலும் ஈரமா இருக்கு" என்பவர்களும் உண்டு. அது மழைநீர் இல்லை. ஏசி ஓடும்போது உள்ளே சேரும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் அதே இடப்பக்கக் காலடியில்தான் தேங்கும். நம் ஊர் வெயிலில் ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டியும் அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் அந்தக் குழாயைப் பாருங்கள். ஈரம் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். அப்படியானால் கூலன்ட் குறைந்து எஞ்சின் சூடாகும் அபாயம் இருக்கிறது, அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பதிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது கதவுகள். கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். சேறும் மெழுகும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். ஒரு பிளாஸ்டிக் குச்சி போதும், திறந்துவிடலாம். ஆனால் கதவில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு கோளாறு. கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே வைத்திருப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாட்டும்போதோ பவர் விண்டோ வேலை பார்க்கும்போதோ அதைக் கிழித்துவிட்டு, "இது எதுக்கு" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் டோர் பேடின் உள்பக்கமாக வழிந்து, கதவு வாசலைச் சுற்றி ஓடும் ரப்பரான பீடிங்கைத் தாண்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். ஓனர் பீடிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார். நல்ல கெட்டியான பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி, காயாமல் பிசின் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப் வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. தாளின் கீழ் ஓரம் கதவின் வயிற்றுக்குள் மடங்கி நிற்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பீடிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் லொடலொடவென்று வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கிப் போயிருக்கலாம், அல்லது கதவே இறங்கியிருக்கலாம். கதவு இறங்கியிருந்தால் புது பீடிங்கும் பயன் தராது.

ஹேட்ச்பேக்கில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது பின்பக்கம்தான். டிக்கிக் கதவு என்ற ஒன்றில் மட்டும் கண்ணாடி, வைப்பர், மேல் பிரேக் லைட், வயர்கள் போகும் ரப்பர் குழாய் என்று அத்தனை துளைகள். பக்கத்திலேயே இரண்டு டெயில் லேம்ப். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் எப்போதும் தண்ணீர். வேறு இடங்களில் டிக்கி பீடிங்கை மாற்றியிருக்கிறார்கள், அப்புறம் அதன் மேலேயே சிலிக்கானும் பூசியிருக்கிறார்கள். உள் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பின் சீட்டை மடித்து, எங்களிடம் வேலை பார்க்கும் பையனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். வெளியே டெயில் லேம்ப் மேல் தண்ணீர் விட்டதும், "அண்ணே, இங்க வருது" என்று குரல் கொடுத்தான். வண்டி முன்பு பின்பக்கம் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி. லேம்பைக் கழற்றி மாட்டியவர்கள் லேம்புக்கும் தகரத்துக்கும் இடையில் வரும், கெட்டிப்பட்டுப் போன பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்திருந்தார்கள். புது கேஸ்கெட் போட்டதும் சரியாகிவிட்டது. அதைவிட, பீடிங் மேலே காய்ந்திருந்த சிலிக்கானைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் போனது.

பின் வைப்பர் இருக்கும் வண்டிகளில் இன்னொரு விஷயம். பல மாடல்களில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் முன்னால் எஞ்சின் பக்கத்திலிருந்து கிளம்பி, வண்டிக்குள்ளேயே ஓடி, கூரையின் உள்பக்க மறைப்பான டாப் லைனிங்குக்கு மேலாகப் போய் டிக்கிக் கதவுக்குள் நுழையும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீல் பக்கம் அந்தக் குழாயின் இணைப்பு கழன்றுபோகும். பிறகு மழை நேரத்தில் பின் கண்ணாடியைக் கழுவ பட்டனை அழுத்தும்போதெல்லாம் தண்ணீர் டாப்புக்குள்தான் போகும். மழை நாளில்தான் அழுத்துவோம் என்பதால் மழைநீர் என்றே நினைப்போம். பின் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கவில்லை, வாஷர் டேங்க் மட்டும் குறைகிறது என்றால் இதுதான்.

டாப்பைப் பொறுத்தவரை ஆன்டெனாவின் அடி ரப்பரையும், இரண்டு ஓரத்திலும் நீளமாக ஓடும் பள்ளத்தில் பூசிய சீலர் வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன் கண்ணாடியை எப்போதாவது மாற்றியிருந்தால் அதன் மேல் ஓரமும் சந்தேகத்துக்குரியதே. அங்கே கசிவது கண்ணாடி ஓரத்துத் தூணின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கி, காலடியில்தான் வெளியே தெரியும்.

தண்ணீர் விட்டுச் சோதிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாட்டர் வாஷ் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். அந்த வேகத்துக்கு நல்ல பீடிங்கும் வழிவிடும், நீங்கள் தவறான இடத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். நாசில் இல்லாத தோட்டத்துக் குழாயில் மெதுவாக விடுங்கள். முதலில் உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கார்ப்பெட்டை மடித்துத் தகரம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நின்று, அப்புறம் மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து எதையும் கண்டுபிடிக்க விடாது. உங்கள் வீட்டு வாசலில் வண்டி சரிவாக நிற்குமானால், அதே சரிவில் நிறுத்தியும் ஒருமுறை பாருங்கள். சில கசிவுகள் அந்தச் சாய்வில் மட்டுமே வரும். தண்ணீர் விட வசதி இல்லாதவர்கள் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று நிலையில் புளோயரை முழு வேகத்தில் வைத்து, வெளியே ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். காற்று வெளியேறும் இடத்தில் நுரை குமிழும்.

இடம் தெரிந்தபின் எதைப் பூசுவது? பீடிங் ஓடும் இடத்தில் எதையும் பூசக் கூடாது, ரப்பரை மாற்றத்தான் வேண்டும். லேம்ப், தாள் போன்றவற்றுக்கு பியூட்டைல். தகர இணைப்புகளுக்கு, துருவைத் தேய்த்து பிரைமர் அடித்தபின் பாடி சீலர் அல்லது பாலியூரித்தேன். புளித்த வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காய்கிற நேரத்தில் வெளிவிடும் அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் பெயின்ட்டும் நிற்காது. பாத்ரூமுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று தயவுசெய்து காரில் பூசாதீர்கள்.

கசிவை அடைத்ததோடு வேலை முடியாது, இதை நான் அழுத்தியே சொல்வேன். கார்ப்பெட்டின் மேல் பக்கம் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேட்டை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுதாகத் தூக்கிக் காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் தளத் தகரம் துருப்பிடிக்கும், அதைவிட முக்கியமாக அடியில் ஓடும் வயர் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். சென்ட்ரல் லாக் தானாக அடிப்பது, டேஷ்போர்டில் காரணமில்லாமல் விளக்கு எரிவது போன்றவற்றை மின்சாரக் கோளாறு என்று துரத்திப் போனால் கடைசியில் கார்ப்பெட்டுக்கு அடியில் போய் நிற்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

தளத்தில் வட்டமான ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். தேங்கிய தண்ணீரை வெளியேற்ற அவற்றைக் கழற்றுபவர்கள் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். அப்புறம் தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கினால் கீழிருந்து ஏறும். உள்ளே ஈரம், ஆனால் நின்ற இடத்தில் பெய்த மழைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தளத்தைத் தடவிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. உள்ளே வாடை அடிக்கும் வண்டியைக் காட்டி, "லேசான லீக்குதான், பீடிங் மாத்தினா போதும்" என்று விற்பவர் சொன்னால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மழைக் கசிவால் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு விழாது. சீட் ஓடும் தண்டவாளத்தின் இடுக்கிலும் ஸ்டெப்னி குழியின் மடிப்பிலும் நைசான வண்டல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். வெறும் ஈரமும் இலைக் குப்பையும் மட்டும் என்றால் தயங்காமல் விலை பேசலாம். வாங்கியதும் முதல் வேலையாக கவுல் மூடியைக் கழற்றிவிடுங்கள்.