இறையாண்மை: சொந்தம் என்று எழுதாதீர்கள்

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் ஒரு கருங்கல் பாறை இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது அளந்தால் 137 மீட்டர் நீளம், சராசரியாக 60 மீட்டர் அகலம். பறவை எச்சத்தால் வெளுத்துக் கிடந்ததால் போர்த்துக்கீசியர் பெட்ரா பிராங்கா என்றார்கள். மலாயில் பத்து பூத்தே. இரண்டுக்கும் வெள்ளைப் பாறை என்றே பொருள். (மலாயில் 'பத்து' என்றால் கல். பத்துமலை என்றதும் விரல்விட்டு மலைகளை எண்ணத் தொடங்குபவர்கள் கவனிக்க.) இந்தப் பாறைக்காக சிங்கப்பூரும் மலேசியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 2008 மே 23ல் சிங்கப்பூருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மலேசியா 2024ல் இதற்காகவே அரச விசாரணை ஆணையம் அமைத்தபோது பேச்சு மறுபடி கிளம்பியது. அப்போதும் தமிழில் அதே தலைப்புதான்: "தீவு யாருக்குச் சொந்தம்?"

சொந்தம் யாருக்கு என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டது இறையாண்மை (ஆங்கிலத்தில் sovereignty) யாருக்கு என்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறை என்றால் அரசன். திருக்குறளில் இறைமாட்சி என்று ஓர் அதிகாரமே உண்டு. இறை என்றால் வரியும்தான். கல்வெட்டில் வரும் இறையிலி நிலம் வரியில்லாத நிலம். ஆண்மை என்பது ஆளும் தன்மை. வேளாண்மை, இல்லாண்மை, தாளாண்மை எல்லாம் அந்தக் குடும்பம். ஆக, தனக்கு மேல் ஒருவர் இல்லாமல் ஆளும் தன்மை இறையாண்மை. இலங்கைத் தமிழர் இறைமை என்று எழுதுவார்கள். அதுவும் நல்ல சொல்தான். கடவுள் வாடை அடிக்கிறது என்று இறையாண்மையை ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இறை என்ற சொல்லுக்கு அரசன் என்ற பொருள் நேற்று வந்து ஒட்டிக்கொண்டதல்ல.

இப்போது சொந்தத்துக்கு வருவோம். சொந்தம் வேறு, இறையாண்மை வேறு என்பதைச் செட்டிநாட்டில் ஒருவர் விளக்க வேண்டியிருப்பதே வேடிக்கை. கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. பத்திரம் இருந்தது, வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்கு இருந்தது, குத்தகை வந்தது. இறையாண்மை மட்டும் ஒரு நாளும் இல்லை. 1948ல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அதோடு பத்திரங்கள் எல்லாம் பழைய தாள் ஆயின. சொந்தத்தை ஒரே கையெழுத்தில் இல்லாமல் ஆக்குகிற அதிகாரம் எதுவோ, அதற்குத்தான் இறையாண்மை என்று பேர். அக்கரைச் சீமையில் நிலத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே "தீவு சிங்கப்பூருக்குச் சொந்தம்" என்று எழுதும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பாறையின் வழக்கே இந்த இரண்டு சொற்களின்மீதுதான் பாதி நின்றது. 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனி அதிகாரி ஒருவர், இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூருக்குக் கடிதம் எழுதினார்: கடல் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும், இந்தப் பாறையின் நிலை என்ன? செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் பதில் போட்டார். பாறையின்மீது ஜொகூர் அரசு 'உடைமை' (ownership, அதாவது சொந்தம்) கோரவில்லை என்றது அந்தப் பதில். உடைமை, கவனியுங்கள், இறையாண்மை அல்ல. அரை நூற்றாண்டு கழித்து மலேசிய வழக்கறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்: உடைமை கோரவில்லை என்றால் இறையாண்மையை விட்டுக்கொடுத்ததாக எப்படி ஆகும்? நீதிமன்றமும் இரண்டும் கொள்கையளவில் வேறு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நாடுகளுக்கிடையிலான நிலத் தகராறுகளில் முதல் சொல்லை இரண்டாவதன் பொருளில் ஆண்டதும் உண்டு, கேட்கப்பட்ட கேள்வியே இறையாண்மையைப் பற்றியது, ஆகவே இந்தப் பதிலை அப்படித்தான் கொள்ள வேண்டும் என்றது.

இதை மொழிபெயர்த்தவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். கடிதத்தில் உடைமை என்று இருந்த இடத்தில் "ஜொகூர் இறையாண்மை கோரவில்லை" என்கிறார்கள். தீர்ப்பில் இறையாண்மை என்று இருந்த இடத்தில் "சிங்கப்பூருக்குச் சொந்தம்" என்கிறார்கள். இடம் மாறி உட்கார்ந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு, இதில் வாதாட என்ன இருந்தது என்றே புரியாது.

இன்னொரு கட்சி இருக்கிறது. இறையாண்மை கனமாக இருக்கிறது, 'ஆட்சியுரிமை' போதும் என்பவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்சி என்பதற்குத் தமிழ் வழக்குமன்றத்தில் பழைய பொருள் ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லிக் கிழவேதியர் வந்து நிற்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அவரிடம் கேட்பது என்ன? ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அங்கே ஆட்சி என்பது நெடுநாள் அனுபோகம். நம் பழைய கிரயப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்துக் கொள்ள' என்று வருமே, அதே ஆளுதல். அது ஆதாரத்தின் பெயர். அதைக் கொண்டு கிடைக்கும் தீர்ப்பின் பெயர் அல்ல.

ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் பார்த்ததும் ஏறக்குறைய இந்த மூன்றைத்தான். முதலில் பாறை ஜொகூர் சுல்தானுடையது என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. 1851ல் ஆங்கிலேயர் அதன்மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டதாலேயே பாறை அவர்களுடையதாகிவிடாது என்பது மலேசியாவின் வாதம். நியாயம்தான், வெளியூரில் இருக்கும் பங்காளிகள் சாவியைக் கொடுத்துவைத்த காவல்காரர், முகப்பில் தினமும் விளக்கேற்றினால் வளவு வீடு அவருடையதாகிவிடுமா? ஆனால் சிங்கப்பூர் விளக்கோடு நிற்கவில்லை. சுற்றுக் கடலில் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது. பாறைக்கு வர மலேசிய அதிகாரிகளே அதனிடம் அனுமதி வாங்கினார்கள். 1977ல் ராணுவத் தொடர்புக் கருவிகளை நிறுவியது. இது ஆட்சி. 1953 கடிதம் ஆவணம். காட்சிக்கு, 1962 முதல் 1975 வரை மலேசியத் தரப்பே வெளியிட்ட வரைபடங்கள். அவற்றில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சிட்டிருந்தது. மலேசியா 1979ல் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டி வரைபடம் போட்டது. 1980ல் சிங்கப்பூர் ஆட்சேபித்தது. அதற்குள்ளாகவே இறையாண்மை கைமாறிவிட்டது என்று 12 நீதிபதிகள் சொன்னார்கள், 4 பேர் மறுத்தார்கள். இதை ஆட்சியுரிமை என்று எழுதினால் "ஆட்சி இருந்ததால் ஆட்சி கிடைத்தது" என்று வட்டமடிக்கும்.

கச்சத்தீவுப் பேச்சிலும் இதே கூத்து. 285 ஏக்கர். ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது என்பது இந்தியாவுக்குச் சாதகமான வலுவான சான்று, சரி. ஆனால் ஜமீன் சொந்தம் என்றதுமே இறையாண்மையும் நிரூபணமாகிவிட்டது என்று மேடையில் முடித்துவிடுகிறார்கள். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரைந்தது நாட்டு எல்லையை. யாருடைய பட்டாவையும் மாற்றி எழுதவில்லை. ஒப்பந்தத்தை எதிர்ப்பவர்தான் இந்த வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி ஒரே வரியில் மடக்கிவிடுவார்.

இறையாண்மைக்குத் 'தன்னாட்சி' என்று எழுதுபவர்களோடு எனக்கு வாதமே இல்லை. தன்னாட்சிக் கல்லூரி பாஸ்போர்ட் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு இடங்கள் வருகின்றன. மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குப் போனது. சவுத் லெட்ஜ் யாருடைய கடற்பரப்பில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று விட்டுவிட்டார்கள். "மூன்று தீவுகள்" என்று எண்ணி எழுதுகிறார்கள் நம்மவர்கள். சவுத் லெட்ஜ் நீர் ஏறினால் முழுகிவிடும், வற்றினால்தான் தலை தெரியும். கடல் சட்டப்படி அது தீவே இல்லை. அதனால்தான் அதற்கென்று தனியாக இறையாண்மை கேட்க முடியவில்லை. அதைத் திட்டு என்று எழுதலாம்.