பெட்டிக்குள் இருந்தாலும் சப்பாத்துக்கு வயது போகும்

கொழும்பில் ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். விடியற்காலையில் சுதந்திர சதுக்கத்திலோ மரைன் டிரைவிலோ நின்று கால்களை மட்டும் பார்த்தால், மெத்தை வைத்த மாதிரித் தடித்த அடியுள்ள சப்பாத்துகள்தான் அதிகம். இன்னொரு பக்கம், ஓடாமலே ஸ்னீக்கர் சேர்க்கும் பிள்ளைகள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைச் சுவர் மறையும் அளவுக்குப் பெட்டி அடுக்கி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். இயன்மருத்துவராக எனக்கு இரண்டும் சந்தோஷம்தான். சேர்த்து வைத்த சப்பாத்தை ஒருநாள் வெளியே எடுத்து, அதையே மாட்டிக்கொண்டு ஓடப் போகிறார்களே, அதுதான் கவலை.

எது ஓட, எது சேர்த்து வைக்க என்ற இந்தக் குழப்பத்துக்கு ஓட்டச் சப்பாத்தின் வரலாறே பாதிக் காரணம். 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். அந்தக் காலத்துச் சப்பாத்தின் அடியில் இருந்தது பெரும்பாலும் மெல்லிய இறப்பர்தான். 1970களில் அமெரிக்காவில் சாதாரண சனமும் வீதியில் ஓடத் தொடங்க, ஈவிஏ என்ற இலேசான ஃபோம் அடிக்குள் வந்தது. அதே பத்தாண்டின் கடைசியில், விண்வெளித் துறையில் இருந்த பொறியியலாளர் பிராங்க் ரூடியின் யோசனையால் நைக்கி காற்றுப் பையை உள்ளே வைத்தது. 1987இல் வந்த ஏர் மேக்ஸில் அந்தப் பையை வெளியே தெரியும்படி செய்தவர் நைக்கியின் வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்பீல்ட். கட்டடக்கலை படித்தவர். குழாய்களை எல்லாம் வெளிச்சுவரில் காட்டும் பாரிஸின் பொம்பிடு நிலையத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்ததாம்.

அந்த ஏர் மேக்ஸ் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. இன்று அதைப் போட்டுக்கொண்டு மரதன் ஓடுவார் யாருமில்லை. சேகரிப்பாளர்களின் பொக்கிஷம் அது. 1985இன் ஏர் ஜோர்டான் கூடைப்பந்துக்கு வந்தது, அதற்கும் அதே கதைதான். பழைய மாதிரிகளைக் கொம்பனிகள் திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. 2016இல் தொடங்கிய ஸ்டொக்எக்ஸ் போன்ற மறுவிற்பனை இணையத் தளங்களில் சப்பாத்துக்குப் பங்குச் சந்தை போல விலை ஏறி இறங்குகிறது. 2022இல் நமது ரூபாய் விழுந்த பிறகு இங்கே ஒரு நல்ல சோடி வாங்குவதே பெரிய விஷயமாகிவிட்டது. அதனால் வாங்கியதைப் போடாமல் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். எனக்கு அது நன்றாக விளங்குகிறது. ஆனால் ஃபோமுக்கு அது விளங்காது.

இருபதுகளில் ஒரு தம்பி வீங்கிய கணுக்காலோடு வந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது அடி பிரிந்து கால் புரண்டிருக்கிறது. “மிஸ், இது ஒருநாளும் போடாத சப்பாத்து. புத்தம் புதுசு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். மேல் தோலில் ஒரு கீறல் இல்லை, நாடாவில் அழுக்கில்லை. குதிக்கால் பக்கத்தில் பெருவிரலால் அழுத்தினேன். தேநீரில் ஊறிய பிஸ்கட் போல அடி உதிர்ந்தது. விரலில் பிசுபிசுப்பாக மஞ்சள் தூள் ஒட்டியது.

அது பொலியூரித்தேன் என்ற இன்னொரு வகை ஃபோம். ஜோர்டான் 3, 4 போன்ற மாதிரிகளின் நடு அடியில், அதாவது அடியின் நடு அடுக்கில், இருப்பது இதுதான். காற்றிலுள்ள ஈரம் இதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். கொழும்பின் கடல் காற்றையும் புழுக்கத்தையும் பற்றி நான் சொல்லவா வேண்டும்? போடாமல் வைத்தாலும் தப்பாது. ஈவிஏ இப்படி உதிராது என்றாலும் காலப்போக்கில் இறுகும், ஓடியோடி நசுங்கும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். ஆகவே விற்பவர் ‘டெட்ஸ்டொக்’ என்று சொன்னால், யாரும் போடவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். எந்த வருடம் செய்தது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாக்கின் உட்புற லேபிளிலேயே திகதி இருக்கும். குதிக்காலை அழுத்திப் பாருங்கள், வெடிப்பு, தூள், பிசுபிசுப்பு உண்டா என்று பாருங்கள். பத்து வருடப் பழைய பொலியூரித்தேன் அடியோடு ஓட நான் யாரையும் விடமாட்டேன். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், அதில் பிழையே இல்லை.

சரி, புதிய தடித்த சப்பாத்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்த விஷயத்தில் உலகமே இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்துவிட்டது. 2000களின் பிற்பாதியில் வெறுங்கால் போன்ற மெல்லிய சப்பாத்து பெரிய மோகமானது. அவசரமாக அதற்கு மாறிய பலருக்கு எம்ஆர்ஐ பரிசோதனையில் பாத எலும்புக்குள் வீக்கம் தெரிந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 2009இல், பிரான்ஸில் ஹோகா என்ற கொம்பனி எதிர்த் திசையில் போய் அடியைத் தடிப்பாக்கியது. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை புதுவகை ஃபோமுக்குள் கார்பன் தகட்டை வைத்தது. சாதனைகள் விழ விழ, 2020இல் உலக தடகள அமைப்பு வீதி ஓட்டத்துக்கு அடியின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது.

மென்மைக்குச் சாதகமான ஆதாரம் இருக்கிறது. லக்சம்பேர்க்கில் 800க்கு மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, எது எதுவென்று தெரியாதபடி மென்மையான அடியும் கடினமான அடியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவுப்படி, கடினமான அடி போட்டவர்களுக்கே காயம் அதிகம். ஆனால் தட்டைப் பாதத்துக்கு இந்தச் சப்பாத்து, வளைந்த பாதத்துக்கு அந்தச் சப்பாத்து என்று கடையில் பிரித்துக் கொடுப்பதால் காயம் பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022இன் கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. என் அனுபவத்திலும் போட்டவுடன் கால் சுகமாக உணர்வதே நல்ல வழிகாட்டி. கார்பன் தகட்டுச் சப்பாத்தைத் தினசரி ஓட்டத்துக்கு வாங்குவதை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. அதைப் போட்டு ஓடியவர்களுக்குப் பாதத்தின் நடு எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் வரும் வெடிப்பு, வந்ததாக மருத்துவ அறிக்கைகள் உண்டு.

எந்த வகைக்கு மாறினாலும் மெதுவாக மாறுங்கள். முதல் வாரங்களில் குறுந்தூரத்துக்கு மட்டும் புதியது, மற்ற நாட்களில் பழையது. 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும் மாற்றச் சொல்வது வழக்கம். உடல் எடை, ஓடும் விதம், தரை எல்லாம் சேர்ந்து அதை முன்பின்னாக்கும். மாலையில் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. கால்விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ள அம்மா அப்பாவுக்கு மிக மென்மையான, உயரமான சப்பாத்தை ஆசையாக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த உயரத்தில் சமநிலை தவறலாம், உள்ளே ஒரு சின்னக் கல் கிடந்தாலும் தெரியாது. அவர்களை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், குதிக்கால் வலி, முழங்கால் வலி என்று எங்களிடம் வரும்போது தினமும் ஓடும் சப்பாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கழுவ வேண்டாம். அடி தேய்ந்திருக்கும் விதத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.