ஒரே டாக்ஸியில் பதினைந்து பேர்: டர்பனின் க்கொம் இசை ஊரைப் பிடித்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் வீட்டுக் கல்யாண வரவேற்பு எதற்குப் போனாலும், சாப்பாடு முடிந்து மேடை விளக்கு மங்கியதும் டிஜே ஒரு க்கொம் பாட்டையாவது போட்டுவிடுகிறார். பட்டுப்புடவை கட்டிய அத்தைகளும் எழுந்து ஆடுகிறார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இசை உம்லாசி, க்வாமாஷு, கிளெர்மாண்ட் போன்ற கறுப்பின டவுன்ஷிப்களுக்குள் (இனஒதுக்கல் காலத்தில் நகரத்தின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள்) மட்டுமே புழங்கியது. எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளைக் கொண்டு இளைஞர்கள் வீட்டுக் கணினியில் செய்த இசை அது. வழக்கமான ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையில் ஒரு சுற்றின் நான்கு அடியிலும் பெரிய முழவு விழும். க்கொம் அந்த ஒழுங்கை உடைத்தது. அடி விழ வேண்டிய இடத்தில் வெற்றிடம், எதிர்பாராத இடத்தில் அடி, எல்லாவற்றுக்கும் கீழே இருண்ட ஒரு முழக்கம். பாட்டு வரிகள் மிகக் குறைவு. பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களின் துணை இல்லாமலே அது வளர்ந்தது. 2018-ல் பிளாக் பாந்தர் படத்தின் இசைத்தொகுப்பில் டர்பன்காரரான பேப்ஸ் வொடுமோவின் குரல் ஒலித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடகி பியான்சேவின் தொகுப்பு ஒன்றில் கிளெர்மாண்டின் டிஜே லாக் பங்கேற்றார்.

இதைக் கேட்டதும் "நல்ல இசை, அதனால் பரவியது" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி என்று காட்டும் ஆய்வுகள் உண்டு.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-ல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு சதுக்கத்தில் 100 பேர் நிற்கிறார்கள். கலவரத்தில் இறங்கலாமா என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் தயக்கத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் யாரையும் பார்க்காமல் தானே தொடங்குவார். இன்னொருவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், அடுத்தவர் இருவர் இறங்கினால், அதற்கடுத்தவர் மூவர் இறங்கினால். இப்படியே போனால் 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஓர் ஆளை மாற்றுவோம். 'ஒருவர் இறங்கினால் இறங்குவேன்' என்றவருக்குப் பதில், 'இருவர் இறங்கினால்தான்' என்கிற இன்னொருவரை நிறுத்துவோம். முதல் ஆள் தொடங்குவார், இரண்டாம் ஆள் வரமாட்டார், கதை அங்கேயே முடிந்துவிடும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஓர் ஆள்தான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்ப்பவரோ முதல் ஊரை வெறிபிடித்த ஊர் என்பார், இரண்டாவதை அமைதியான ஊர் என்பார். புதிய இசை, புதிய உடை, புதிய விளையாட்டு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

2006-ல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இதை இசையை வைத்தே சோதித்தார்கள். பிரபலமில்லாத குழுக்களின் 48 பாடல்கள், இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு பகுதியினர் பாடலை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த இடங்களில் வெற்றிப் பாடல்கள் இன்னும் பெரிய வெற்றியாயின. அதே சமயம் எது வெல்லும் என்று சொல்வது கடினமாகிவிட்டது, ஏனென்றால் எட்டு உலகங்களும் ஒரே பாடலைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. மிக நல்ல பாடல் அடியோடு விழுவது அரிது, மிக மோசமானது மேலே வருவதும் அரிது. இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் முதலில் யார் காதில் விழுந்தது என்பதே விதியாயிற்று. க்கொம் செய்த இளைஞர்களில் திறமை இருந்தும் பெயர் வெளிவராதவர்களை நினைக்கும்போது, இந்த முடிவு எனக்கு வலிக்கிறது.

அடுத்தது என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. நோய் பரவ ஒரு தொடுதல் போதும். பழக்கம் அப்படிப் பரவுவதில்லை. புதிதாக ஒன்றைச் செய்யும்போது கேலிக்கு ஆளாவோமோ என்ற அச்சம் இருக்கும். அதைத் தாண்ட, நமக்குத் தெரிந்த பலர் அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். டேமன் சென்டோலா 2010-ல் வெளியிட்ட பரிசோதனையில் 1,500-க்கும் மேற்பட்டோர் இரண்டு வகை வலைப்பின்னல்களில் சேர்க்கப்பட்டார்கள். ஒன்றில் என் நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்கள். மற்றதில் தொடர்புகள் தாறுமாறாகச் சிதறியவை. செய்தி வேகமாகப் பரவ இரண்டாவதுதான் நல்லது என்பது அதுவரை பலரின் எண்ணம். ஆனால் ஒரு புதிய பழக்கம் நெருக்கமான பின்னலில் சுமார் 54 விழுக்காட்டினரை எட்டியது, சிதறியதில் சுமார் 38 விழுக்காட்டினரைத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டர்பனின் மினிபஸ் டாக்ஸிக்குள் ஏறுங்கள். தென்னாப்பிரிக்காவில் பொதுப் போக்குவரத்தை நம்பியிருப்பவர்களில் பெரும்பாலோர் போவது இதில்தான். சுமார் பதினைந்து பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும் வண்டி. டர்பன் வண்டிகள் வண்ண ஓவியத்துக்கும் பெரிய ஒலிபெருக்கிகளுக்கும் பேர்போனவை. நல்ல பாட்டு போடும் வண்டிக்காக இளைஞர்கள் காத்திருந்து ஏறுவார்கள், அதனால் ஓட்டுநருக்குப் புதிய பாட்டு தேவை. பாட்டு செய்பவர்கள் கோப்பை நேரே ஓட்டுநரிடம் கொடுத்தார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். க்கொம்மின் தாழ்ந்த முழக்கத்தை அந்தத் தகரக் கூட்டுக்குள் காதோடு சேர்த்து இருக்கையும் நெஞ்சும் வாங்கிக்கொள்ளும். தனியாக இயர்போனில் கேட்பவருக்கு அது ஒரு தொடுதல். வண்டியில் இருப்பவர் பாட்டோடு சேர்த்து, தலையாட்டும் பத்துப் பேரையும் பார்க்கிறார். அவர்களும் இவரைப் பார்க்கிறார்கள். சென்டோலாவின் நெருக்கமான பின்னல், ஒரு பயணத்துக்குள்ளேயே.

டர்பனின் நில அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 1950-ன் குழுப் பகுதிகள் சட்டம் மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியேற்றியது. சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் இந்தியருக்கு; பக்கத்திலேயே இருக்கும் உம்லாசியும் க்வாமாஷுவும் ஆப்பிரிக்கருக்கு. அந்தக் கொடுமை ஒவ்வொரு பகுதியையும் உள்ளே இறுக்கமான, வெளியே தொடர்பறுந்த பின்னலாக்கிவிட்டது. உள்ளே ஒரு பழக்கம் முற்றி வளர அந்த இறுக்கம் உதவியிருக்கும் என்பது என் ஊகம். வெளியே வரப் பாலம் வேண்டுமே. நகர மையத்தின் வார்விக் சந்திப்பு அந்தப் பாலங்களில் ஒன்று. பல பகுதி டாக்ஸிகளும் அங்கே கூடுகின்றன. விக்டோரியா தெருச் சந்தையில் மசாலா விற்கும் நம் கடைக்காரர்கள் நாள் முழுவதும் அந்த முழக்கத்தைக் கேட்டபடிதான் நிற்கிறார்கள்.

ஊரெல்லாம் பரவியபின் முன்னோடிகள் விலகுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க மாணவர் விடுதி ஒன்றில் மஞ்சள் கைப்பட்டை அணியும் பழக்கம் இருந்தது. பக்கத்து விடுதியின் 'படிப்பாளிகள்' அதை அணியத் தொடங்கியதும், முதல் விடுதியில் அணிபவர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜோனா பெர்கரும் சிப் ஹீத்தும் 2008-ல் இதை வெளியிட்டார்கள். நாம் இன்னார் என்று காட்டும் அடையாளம் எல்லோர் கையிலும் வந்தால் அந்த வேலையைச் செய்யாது. க்கொம் விளம்பரங்களிலும் கல்யாணங்களிலும் புகுந்த சில ஆண்டுகளில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து அமாபியானோ என்ற இன்னொரு நடன இசை முன்னுக்கு வந்தது.

க்கொம் பரவியதற்கு நேரெதிரான ஓர் எடுத்துக்காட்டு நம்மவரிடமும் உண்டு: துனி. டர்பன் இந்தியரின் சீட்டாட்டம். 9 முதல் ஏஸ் வரை 24 சீட்டுகள், நால்வர், இரண்டு அணிகள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. தலைமுறை தலைமுறையாக வீடுகளிலும் போட்டிகளிலும் உயிரோடு இருக்கும் ஆட்டம், ஆனாலும் பெரும்பாலும் நமக்குள்ளேயே. ஆட்டத்தில் குறையில்லை. வழியில் ஏறி உட்கார்ந்தவர் காதால் கற்றுக்கொள்ள இது பாட்டில்லை. சொல்லித்தர ஒரு கூட்டாளி வேண்டும், அதன்பின் ஆடவும் மூவர் வேண்டும். அதனால் ஃபீனிக்ஸ்காரர் ஒருவர் துனியை க்வாமாஷுவுக்குக் கொண்டுபோக விரும்பினால், அங்கிருந்து ஒரு நண்பரை மட்டும் அழைப்பதில் பயனில்லை. கற்றுத் திரும்பியவருக்கு ஆடத் துணையிருக்காது, ஒரு மாதத்தில் மறந்துவிடும். ஒரே தெருவிலிருந்து நால்வரைச் சேர்த்து அழைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நாம் இல்லாமலே அவர்களால் ஆட முடியும், வேடிக்கை பார்க்க ஐந்தாவது ஆளும் வருவார்.