கல்யாண வீட்டு ஜெனரேட்டரும் கம்பத்தில் ஏறும் லைன்மேனும்

முகூர்த்த மாதம் வந்தால் செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். வாசலில் வாடகை ஜெனரேட்டரும் வந்து நிற்கும். அதை வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதுதான், இங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் எனக்குப் பெரிய கவலை.

ஏன் என்று புரிய, ஜெனரேட்டரில் கரண்ட் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, பக்கத்தில் காந்தம் சும்மா இருந்தால் கரண்ட் வராது, நகர வேண்டும். நகரும்போது காயிலின் ஊடே போகும் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் கம்பியில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இது. ஜெனரேட்டரில் எஞ்சின் நடுவில் ஒரு மின்காந்தத்தைச் சுழற்றும். சுற்றிலும் செம்புக் காயில். இரண்டு துருவக் காந்தம் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று, நொடிக்கு 50. வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதுதான். கிரைண்டரைப் போட்டதும் எஞ்சின் முக்குகிறதே, ஏன்? காயிலில் ஓடும் கரண்ட் தானும் ஒரு காந்தமாகி, சுழற்சியை எதிர்க்கிறது. கூடுதல் டீசல் அதற்குத்தான் போகிறது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே விதிதான். அங்கே எதுவும் சுழலாது. திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டே காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டிருக்கும். 11,000 வோல்ட்டை வீட்டு அளவுக்கு இறக்கித் தருகிறது. ஆனால் எந்தப் பக்கம் வரவு, எந்தப் பக்கம் பற்று என்று காயிலுக்குத் தெரியாது. வீட்டு ஜெனரேட்டரிலிருந்து 230 வோல்ட்டை உள்ளே விட்டால், அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி மேலே அனுப்பும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேனின் உயிர் அதில் போகும்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயரை ஜெனரேட்டரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் செருகுவதை நான் பல வீடுகளில் தடுத்திருக்கிறேன். "மெயினைத்தான் ஆஃப் பண்ணிட்டோமே" என்பார்கள். சில வீடுகளில் பங்காளிகளுக்கு ஆளுக்கொரு மீட்டர். எந்த மெயின் எந்தக் கட்டுக்கு என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. யாராவது ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீடுகளின் லோடு தாங்காமல் ஜெனரேட்டரே நின்றுவிடும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. லைன் அறுந்திருந்தால் நம்மோடு எத்தனை வீடு சேர்ந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அப்புறம், ஓடும்போதே ஈபி கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டர் காயிலும் எரியும்.

ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுவதாக இருக்கட்டும்; லைசென்ஸ் உள்ளவரே மாட்டட்டும். கல்யாணத்துக்குள் முடியாதென்றால் வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து பந்தலுக்கும் சமையல்கட்டுக்கும் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.