செல்ஃப் எடுக்காத கார்: பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. உடனே "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றியதும் வண்டி ஓடும். ஆனால் புது பேட்டரி மாட்டும்போது டெர்மினலை, அதாவது பேட்டரியின் ஈய முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதைக் கவ்வும் வயர் கிளாம்ப்பை இறுக்கவும் செய்கிறார்களே, வண்டி ஓடியது எதனால்? பல வண்டிகளில் அந்தச் சுரண்டல் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும்.

ஹாரன் அடிக்கும்போது செல்ஃப் மட்டும் ஏன் எடுப்பதில்லை என்பது கரன்ட்டின் அளவைப் பொறுத்த விஷயம். ஹெட்லைட்டின் 55 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாருக்கோ 100, 150 ஆம்பியர் வேண்டும். டீசல் என்றால் இன்னும் அதிகம். கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே அழுக்கு படிந்து 0.02 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்புகளும் எரியும்போது அங்கே விழும் வோல்ட் 0.2 கூட இருக்காது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் போனால் 3 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது போதாது.

சில வண்டிகளில் 'டக்டக்டக்' என்று விடாமல் அடிக்கும். அது சோலினாய்டின் சத்தம். செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்தான் சோலினாய்டு. சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு உள்ளிழுத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கிறது. மோட்டார் கரன்ட்டை இழுத்ததும் வோல்ட் சரிகிறது, சோலினாய்டு பிடியை விடுகிறது. சுமை போனதால் வோல்ட் மறுபடி ஏறுகிறது, அது மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தாலும் இதேதான் நடக்கும், இணைப்பு கெட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வரக்கூடாது.

பிரித்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது எடுக்கும் இந்த அளவு, இணைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கரன்ட் ஓடினால்தான் இணைப்பின் குறை வெளியே வரும்.

ஆகவே கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் பார்த்துவிடுங்கள். அடுத்து இரண்டு ஈய முனைகளுக்கும் நடுவே மீட்டரை வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல்தான் சந்தேகம்.

அதிகம் பேர் கவனிக்காத ஓர் இடம் எஞ்சின் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. செல்ஃப் மோட்டார் இழுத்த கரன்ட் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் தடித்த எர்த் வயரோ பின்னல் பட்டையோ வேண்டும். அது துருப்பிடித்து அறுந்தால் கரன்ட் வேறு வழி தேடும். கியர் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவை சூடாகிப் புகைந்த வண்டிகளும் உண்டு. பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவே இதே சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி, ஆசிட் ஆவி உலோகத்தை அரித்ததால் வருவது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் தொட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பெரிய தீப்பொறி கிளம்பும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் பக்கத்தில் இருந்தால் வெடிக்கவே செய்யும். ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் போய்விடக்கூடாது. கிளாம்ப்பின் உட்புறத்தையும் ஈய முனையையும் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கையால் திருகினால் கிளாம்ப் அசையவே கூடாது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி முனைகளில் இன்னொரு முறை மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. 12.5-லேயே நின்றால், எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் சீக்கிரத்தில் இறங்கிவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஆல்டர்னேட்டரைக் காட்டுங்கள்.